ஆசிரியர் சம்பளம்: அந்த எண் எங்கிருந்து வருது?

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே நாளில் இரண்டு ஃபார்வர்டு வந்தது. காலையில் வந்தது, "அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாசம் ஒரு லட்சம் சம்பளம், தெரியுமா?" சாயங்காலம் வந்தது, "அரசுப் பள்ளியில் பாடம் நடத்துறவங்களுக்கு வெறும் 12 ஆயிரம், இது நியாயமா?"

சித்தி பொண்ணு இப்போதான் பிளஸ் டூ முடிச்சிருக்கா. டீச்சர் ஆகணும்னு ஆசை. ராத்திரி போன் பண்ணி, "அக்கா, நீ கவர்ன்மென்ட்லதானே வேலை பார்க்கிற, இதுல எது உண்மை? நான் ரெண்டு வருஷ டீச்சர் டிரெய்னிங் சேரவா, டிகிரி முடிச்சு பி.எட். போகவா?"ன்னு கேட்டா.

உண்மையில் இரண்டு ஃபார்வர்டுமே பொய் இல்லை. இரண்டும் வேற வேற ஆளைப் பற்றிப் பேசுது, அவ்வளவுதான். அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இந்தக் கணக்கு பல வீடுகளுக்குத் தெரியாது என்று புரிந்தது. டி.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், அவர்களுக்காகக் கடன் வாங்கிக் கோச்சிங் ஃபீஸ் கட்டும் பெற்றோர், ஊர்ப் பள்ளியில் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறவர்கள் என எல்லோருக்குமே இது வாழ்க்கை முடிவு சார்ந்த விஷயம். அதனால் இந்த இதழில் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை யார், எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கையில் போனும் ஒரு பேப்பரும் வைத்துக்கொள்ளுங்க. நடுவில் சின்னச் சின்னக் கணக்கு வரும்.

பாடம் 1: சம்பளம் ஆளுக்கு இல்லை, பணியிடத்துக்கு

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை நீக்கிவிடலாம். தலைமை ஆசிரியரோ, மாவட்டக் கல்வி அலுவலகமோ, ஊராட்சியோ ஆசிரியரின் சம்பளத்தை முடிவு செய்வதில்லை. "நல்லா பாடம் எடுக்கிறார், இவருக்குக் கூடக் கொடுக்கலாம்" என்று யாரும் சொல்ல முடியாது. பேரம் பேசவும் இடமில்லை.

அரசு முதலில் பார்ப்பது நீங்கள் எந்தப் பணியிடத்தில் இருக்கிறீர்கள் என்பதைத்தான். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலான ஆசிரியர்கள் மூன்று வகைப் பணியிடங்களில் இருக்கிறார்கள்.

இடைநிலை ஆசிரியர்: 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பும் டெட் முதல் தாள் தேர்ச்சியும் வேணும். சம்பளம் லெவல் 10. தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.20,600.

பட்டதாரி ஆசிரியர்: 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை. பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள் தேர்ச்சி வேணும். சம்பளம் லெவல் 16. தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.36,400.

முதுகலை ஆசிரியர்: 11, 12-ஆம் வகுப்பு. முதுகலைப் பட்டமும் பி.எட்.-டும் வேணும். சம்பளம் லெவல் 18. தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.36,900.

இந்த எண்களுக்காக யாரையும் தேடிப்போக வேண்டாம். ஆசிரியர் தேர்வு வாரியம் வெளியிடும் ஒவ்வொரு அறிவிக்கையிலும் பணியிடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே சம்பள விகிதமும் லெவலும் அச்சிட்டிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. லெவல் என்பது படிப்புக்கு இல்லை, பணியிடத்துக்கு. எம்.எஸ்சி., எம்.எட். முடித்த ஒருவர் இடைநிலை ஆசிரியர் பணியில் சேர்ந்தால் அவருக்கும் லெவல் 10-தான். முன்பெல்லாம் பணியில் இருந்துகொண்டே உயர்படிப்பு முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும், அது மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ந்து வரும். அந்த முறையை அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பிறகு, ஒரே தடவை கொடுக்கும் ஒட்டுமொத்தத் தொகையாக அது மாறியது. "பி.ஜி. முடிச்சா சம்பளம் ஏறிடும்" என்று பழைய ஆசிரியர் ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்து விதியைச் சொல்கிறார்.

பாடம் 2: 20,600 என்ற எண் எப்படி வந்தது?

அந்த எண் ஏன் 20,000 இல்லை, 21,000 இல்லை? பின்னால் ஒரு நீண்ட சங்கிலி இருக்கு.

மத்திய அரசு ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒரு தடவை ஊதியக் குழு அமைக்கிறது. அது மத்திய அரசு ஊழியர்களுக்கானது. மாநில அரசு ஊழியர்களின் பணி நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 309-வது பிரிவு மாநிலத்துக்கே கொடுத்திருக்கு. அதனால் மத்தியக் குழு சொன்னது தானாக இங்கே அமலுக்கு வந்துவிடாது. மாநில அரசு அதைப் பார்த்துவிட்டு, தன் நிதி நிலைமையையும் பார்த்து, தனியாக முடிவெடுக்கும்.

கடைசியாக நடந்ததை வரிசையாகப் பாருங்க.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஓர் அலுவலர் குழுவை அமைத்தது. அப்போதைய நிதித்துறை கூடுதல் தலைமைச் செயலாளர் க.சண்முகம் அதன் தலைவர்.

அந்தக் குழு 2017 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது.

2017 அக்டோபர் 11 அன்று நிதித்துறையின் ஊதியப் பிரிவு அரசாணை எண் 303-ஐ வெளியிட்டது. அதுதான் 2017-ஆம் ஆண்டின் திருத்திய ஊதிய விதிகள்.

புதிய ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாக, அதாவது கணக்குக்கு மட்டும், அமலானது. கையில் பணமாக வந்தது 2017 அக்டோபர் 1 முதல்தான்.

பள்ளிக்கல்வித் துறை தன் ஆசிரியர்களுக்குத் தனியாகச் சம்பளம் நிர்ணயிப்பதில்லை என்பதும் இதிலிருந்து தெரியும். ஆசிரியர், எழுத்தர், செவிலியர், காவலர் என எல்லோருக்கும் ஒரே அட்டவணை. அதற்குப் பேர் பே மேட்ரிக்ஸ். அதில் எந்தப் பணியிடம் எந்த லெவலில் உட்காரும் என்பதை நிதித்துறையின் ஆணை சொல்கிறது. அதனால் சம்பளம் பற்றிய கோரிக்கை எதுவானாலும் கடைசியில் நிதித்துறையின் மேசைக்குத்தான் போகும்.

இப்போ கணக்குக்கு வருவோம். பழைய முறையில் ஒரு புதிய இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ரூ.5,200, தர ஊதியம் ரூ.2,800, மொத்தம் ரூ.8,000. 2017-இல் பழைய ஊதியத்தைப் பெருக்க அரசு எடுத்துக்கொண்ட எண் 2.57. போனில் கால்குலேட்டரைத் திறந்து 8,000-ஐ 2.57-ஆல் பெருக்கிப் பாருங்க. 20,560 வரும். நூறுக்கு முழுமையாக்கினால் 20,600.

இந்தப் பெருக்கல் இன்னொன்றையும் சொல்லுது. பழைய ஊதியம் சின்னதாக இருந்தால் புதிய ஊதியமும் சின்னதாகவே பிறக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைங்க, பாடம் 5-இல் தேவைப்படும்.

பாடம் 3: ஆண்டுக்கு ஒரு படி

பே மேட்ரிக்ஸை ஒரு அடுக்குமாடி வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. லெவல் என்பது எந்தக் கட்டடம் என்பது. அந்தக் கட்டடத்துக்குள் ஆண்டுக்கு ஒரு படி ஏறலாம். ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 3 சதவீதம்.

லெவல் 10-இல் படிகள் இப்படிப் போகும்: 20,600, 21,200, 21,800, 22,500, 23,200...

லெவல் 16-இல் இப்படி: 36,400, 37,500, 38,600, 39,800...

இரண்டுக்கும் சதவீதம் ஒன்றுதான். ஆனா ரூபாயில் பாருங்க. முதல் படியில் இடைநிலை ஆசிரியருக்கு ஏறுவது ரூ.600. பட்டதாரி ஆசிரியருக்கு ஏறுவது ரூ.1,100. சதவீதத்தில் சமம் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி அகலும்.

இந்த உயர்வு எந்த மாதம் வரும்? தமிழ்நாட்டில் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தேதிகள். நீங்கள் பணியில் சேர்ந்த நாள் எந்தக் காலாண்டில் விழுகிறதோ, அடுத்த ஆண்டு அந்தக் காலாண்டின் முதல் நாளில் உயர்வு. ஆகஸ்ட் 20 அன்று சேர்ந்தவருக்கு மறு ஆண்டு ஜூலை 1 முதலே உயர்வு வந்துவிடும்.

இதுபோக, ஒரே பணியிடத்தில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை. பதவி உயர்வு கிடைக்காமல் ஒரே இடத்தில் இருப்பவருக்கும் ஊதியத்தில் ஒரு முன்னேற்றம் இருக்கணும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. இவை தானாக வராது. பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து, அதற்குரிய அலுவலர் ஆணை போடணும்.

பாடம் 4: அடிப்படைக்கு மேல் என்னென்ன?

அடிப்படை ஊதியம் 36,400 என்றால் கையில் 36,400 வருமா? வராது. சில தொகைகள் கூடும், சில தொகைகள் குறையும்.

கூடுவதில் பெரியது அகவிலைப்படி. விலைவாசி ஏறினால் சம்பளத்தின் மதிப்பு குறையும், அதை ஈடுகட்டத்தான் இது. தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து மத்திய அரசு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு தடவை இதைத் திருத்தும். தமிழ்நாடு அரசு பொதுவாக அதே சதவீதத்தைத் தன் ஆணையாக வெளியிடும். 2025 ஜனவரி 1 முதல் 55 சதவீதம், 2025 ஜூலை 1 முதல் 58 சதவீதம்.

"பொதுவாக" என்ற வார்த்தைக்குக் காரணம் இருக்கு. கொரோனா காலத்தில் அகவிலைப்படி 17 சதவீதத்திலேயே நிறுத்தப்பட்டது. மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து உயர்த்தத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது 31 சதவீதமாக உயர்ந்தது 2022 ஜனவரி 1 முதல்தான். மாநிலத்தின் கையில் காசு எவ்வளவு இருக்கு என்பதும் இந்தக் கணக்கில் ஓர் எண்.

அடுத்தது வீட்டு வாடகைப்படி. மத்திய அரசில் இது சதவீதம். தமிழ்நாட்டில் இது ரூபாயாகவே நிர்ணயிக்கப்பட்ட தொகை. உங்கள் அடிப்படை ஊதியம் எந்த வரம்புக்குள் வருது, நீங்கள் பணிபுரியும் ஊர் எந்தத் தரத்தில் இருக்கு, இந்த இரண்டையும் வைத்து அட்டவணையில் பார்க்கணும். சென்னைக்கு ஒரு தொகை, சின்ன ஊருக்கு வேறு தொகை. அடிப்படை ஊதியம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். ஊரைப் பொறுத்து மாறுவது இந்த மாதிரிப் படிகள் மட்டும்தான். மலைப் பகுதிப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப்படியும் உண்டு.

சரி, எவ்வளவு குறையும்? 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிப்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் சின்னத் தொகை பிடிபடும். அரையாண்டுக்கு ஒரு தடவை உள்ளாட்சிக்குத் தொழில் வரி. வருமானத்தைப் பொறுத்து வருமான வரி.

இப்போ பேப்பரை எடுங்க. 58 சதவீத அகவிலைப்படியோடு, பணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பட்டதாரி ஆசிரியரின் கணக்கு இது.

அடிப்படை: ரூ.36,400
அகவிலைப்படி: ரூ.21,112
இரண்டும் சேர்ந்து: ரூ.57,512
ஓய்வூதியப் பங்களிப்பு 10 சதவீதம்: ரூ.5,751

வாடகைப்படி கூடும், மற்றப் பிடித்தங்கள் குறையும். கையில் வருவது ஏறக்குறைய ஐம்பதாயிரங்களின் முற்பகுதியில் நிற்கும்.

இடைநிலை ஆசிரியருக்கு இதே கணக்கு: 20,600-உம் 11,948-உம் சேர்ந்து ரூ.32,548. சில பணியிடங்களுக்குத் தனி ஊதியம் என்று கூடுதலாக ஒரு தொகையும் உண்டு.

அப்போ அந்த "ஒரு லட்சம்" ஃபார்வர்டு? முதுகலை ஆசிரியர் 36,900-இல் தொடங்கி, ஆண்டுக்கு 3 சதவீதம் வீதம் 20 ஆண்டு ஏறினால் அடிப்படை 66,000-ஐத் தாண்டும். அதன் மேல் 58 சதவீதம் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆக, ஒரு லட்சம் உண்மைதான். ஆனா அது இருபது ஆண்டு வேலை பார்த்தவரின் சம்பளம். அதை "டீச்சர் வேலைக்குப் போனா ஒரு லட்சம்" என்று விளம்பரத்தில் போடுகிறவர் பாதியை மறைக்கிறார்.

பாடம் 5: ஒரு தேதியின் விலை

இந்தப் பாடம் கொஞ்சம் கனமானது. ஒரே பள்ளி, ஒரே வேலை, ஒரே கல்வித் தகுதி. இரண்டு இடைநிலை ஆசிரியர்கள். ஒருவர் 2009 மே மாதம் சேர்ந்தார், இன்னொருவர் ஜூன் மாதம் சேர்ந்தார். இருவருக்கும் சம்பளம் ஒன்றா? இல்லை.

2009 ஜூன் 1 அன்று முந்தைய ஊதியத் திருத்தத்தின் அரசாணை, எண் 234, வெளியானது. அதற்கு முன் இடைநிலை ஆசிரியரின் பழைய தொடக்க ஊதியம் ரூ.4,500. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு அந்தப் பழைய ஊதியத்தை 1.86-ஆல் பெருக்கினார்கள். 8,370 வந்தது. தர ஊதியம் 2,800 சேர்த்து ரூ.11,170.

ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பெருக்கப் பழைய ஊதியம் எதுவும் கிடையாது. அவர்கள் நேரடியாகப் புதிய ஊதியக் கட்டின் தொடக்கமான 5,200-இல் உட்கார்ந்தார்கள். தர ஊதியம் 2,800 சேர்த்து ரூ.8,000.

வித்தியாசம் ரூ.3,170. இடைநிலை ஆசிரியர்களின் "சம வேலைக்குச் சம ஊதியம்" போராட்டங்களில் நீங்கள் செய்தியில் பார்த்த எண் இதுதான்.

இப்போ பாடம் 2-இல் சொன்ன பெருக்கலை ஞாபகப்படுத்திக்கோங்க. அதே இரண்டு தொடக்க ஊதியத்தையும் 2.57-ஆல் பெருக்கினால் ஒன்று 28,707, இன்னொன்று 20,560. இடைவெளி 3,170-இலிருந்து 8,147 ஆகிவிடுகிறது. அதன் மேல் 58 சதவீத அகவிலைப்படியும் சேர்த்தால் மாதம் 12,800 ரூபாய்க்கு மேல். ஆண்டு உயர்வு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாமே அடிப்படையைப் பிடித்துத்தான் ஓடுது. அதனால் தொடக்கத்தில் விழுந்த ஒரு விரிசல் தானாக மூடாது. ஒவ்வொரு ஊதியத் திருத்தத்திலும் அகலும்.

இந்தக் கோரிக்கைக்காக ஆசிரியர்கள் 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 ஜனவரி 1 அன்று, இதை ஆராய மூவர் குழு அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

இன்னொரு ஒப்பீடும் இந்த விவாதத்தில் வரும். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்பு ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.35,400. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் அங்கேயும், இங்கேயும். ஆனா அது மத்திய அரசின் அட்டவணை, இது மாநிலத்தின் அட்டவணை. ஒரே வேலை, இரண்டு முதலாளிகள்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்றேன்னா, சம்பளம் என்றால் ஏதோ கணினி போட்டுத் தரும் எண் என்று நாம் நினைக்கிறோம். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆணை இருக்கு, ஒரு தேதி இருக்கு. அந்த வரியை எழுதும்போது தேதிக்கு இந்தப் பக்கம் இருந்தவர், அந்தப் பக்கம் இருந்தவர் என இரண்டு குடும்பங்களின் பதினைந்து வருஷம் அதில் அடங்கியிருக்கு.

பாடம் 6: அந்த 12 ஆயிரம் யாருக்கு?

இரண்டாவது ஃபார்வர்டுக்கு வருவோம். நிரந்தர ஆசிரியர் இல்லாத காலிப் பணியிடத்தில், பிள்ளைகள் பாடம் இல்லாமல் உட்காரக் கூடாது என்பதற்காக, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை நியமிக்கும் முறை இருக்கு. இவர்களுக்குத் தொகுப்பூதியம். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ.12,000, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.15,000, முதுகலை ஆசிரியருக்கு ரூ.18,000.

தொகுப்பூதியம் என்றால் பே மேட்ரிக்ஸுக்கு வெளியே என்று அர்த்தம். லெவல் இல்லை, ஆண்டு உயர்வு இல்லை, அகவிலைப்படி இல்லை. நிரந்தர ஆசிரியர் வந்தால் வேலை முடிந்துவிடும். நாளைக்கு நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற உரிமையும் இதில் கிடையாது.

ஊரில் தெரிந்த அக்கா ஒருத்தர் இப்படிப் பாடம் நடத்துறாங்க. பக்கத்து வகுப்பில் இருக்கும் நிரந்தர ஆசிரியரும் அவங்களும் ஒரே மணிக்கு வந்து ஒரே மணிக்குக் கிளம்புறாங்க. சம்பள நாளில் மட்டும் இரண்டு பேருடைய போனிலும் வரும் குறுஞ்செய்தி வேறு வேறு. அவங்க சொன்னது: "இது எனக்கு வேலை இல்லம்மா, இது எனக்குப் பரீட்சைக்குப் படிக்கிற வரைக்கும் ஒரு கைப்பிடி." இந்த வேலையை எடுக்கிறவர்கள் அதை இப்படித் தெரிந்தே எடுக்கணும்.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அரசு மானியத்திலிருந்தே சம்பளம், அரசுப் பள்ளி மாதிரியே அதே லெவல். ஆனா அதே பள்ளியில் நிர்வாகம் தன் செலவில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது பொருந்தாது. "எய்டட் ஸ்கூல் வேலை" என்று யாராவது சொன்னால், அது அரசு அனுமதித்த பணியிடமா, நிர்வாகப் பணியிடமா என்று முதலில் கேளுங்க.

பாடம் 7: பணம் எந்த வழியாக வருது?

2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது ரூ.46,767 கோடி. முந்தைய ஆண்டு ரூ.44,042 கோடி. இந்த மாதிரி ஒதுக்கீட்டில் பெரும் பங்கு சம்பளத்துக்குத்தான் போகும். அது இயல்புதான், பள்ளியை நடத்துவது ஆசிரியர்கள்தானே.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுவார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். பட்டியல் நிதி மற்றும் மனிதவள மேலாண்மைக் கணினி முறை வழியாகக் கருவூலத்துக்குப் போகும். அங்கிருந்து நேராக வங்கிக் கணக்கு. ஆசிரியர்கள் தங்கள் பே ஸ்லிப்பைக் களஞ்சியம் செயலியில் பார்க்கலாம்.

இதில் தலைமை ஆசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலரோ செய்வது கணக்குப் போடுவதும் பட்டியல் அனுப்புவதும். லெவலை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆண்டு உயர்வு விட்டுப்போச்சு, நிலுவை வரவில்லை என்றால் அவர்களிடம் போகலாம். "என் பணியிடத்துக்கு லெவல் குறைவு" என்றால் அது அவர்கள் தீர்க்கிற விஷயம் இல்லை, அரசாணை மாறணும்.

போனிலேயே சரிபார்ப்பது எப்படி?

ஒன்று. டி.ஆர்.பி. இணையதளத்தில் அந்தப் பணியிடத்தின் அறிவிக்கையைத் திறந்து, சம்பள விகிதத்தையும் லெவலையும் பாருங்க. கோச்சிங் சென்டர் நோட்டீஸில் இருக்கும் எண்ணை அதோடு ஒப்பிடுங்க.

இரண்டு. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் அரசாணைகள் பகுதிக்குப் போய், நிதித்துறையைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்க. அகவிலைப்படி ஆணைகள் அங்கேதான் வரும். யூடியூப் தலைப்பில் "ஊதிய உயர்வு உறுதி" என்று இருந்தாலும், அரசாணை எண்ணும் தேதியும் இல்லாவிட்டால் அது இன்னும் உறுதி இல்லை.

மூன்று. சட்டமன்ற அறிவிப்பு வேறு, அரசாணை வேறு. அறிவிப்பு என்பது சொல். அரசாணை வந்த பிறகுதான் கருவூலத்தில் பணம் நகரும். அரசாணையில் "எந்தத் தேதி முதல்" என்ற வரியை முதலில் படிங்க. கருத்தியலாக அமலா, பணப்பயனோடு அமலா என்பதையும் பாருங்க. இரண்டுக்கும் நடுவில் பல மாதச் சம்பளம் இருக்கலாம்.

நான்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-வது பிரிவின்படி, ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் ஊழியர்களின் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிடணும். யாரும் கேட்கக்கூட வேண்டாம். ஆனா ஒருவரின் கடன் பிடித்தம், சேமிப்பு இதெல்லாம் அவருடைய சொந்த விஷயம். அதைக் கேட்டு வாங்க முடியாது.

ஐந்து. மத்திய அரசு எட்டாவது ஊதியக் குழுவை அமைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் அதன் பணி வரம்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அறிக்கை தர 18 மாதம். அது வந்தாலும் தமிழ்நாட்டுக்குத் தனிக் குழு, தனி ஆணை வரணும். "எட்டாவது ஊதியக் குழுப்படி உங்கள் புதிய சம்பளம்" என்று இப்போதே கால்குலேட்டர் லிங்க் அனுப்பினால், அதில் உங்கள் வங்கி விவரத்தைப் போடாதீங்க.

சித்தி பொண்ணுக்கு நான் என்ன சொன்னேன்?

பேப்பரில் இரண்டு வரிசை எழுதச் சொன்னேன். இடது பக்கம் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு, லெவல் 10, 20,600. வலது பக்கம் மூன்று ஆண்டுப் பட்டம், இரண்டு ஆண்டு பி.எட்., லெவல் 16, 36,400. இரண்டுக்கும் கீழே டெட், போட்டித் தேர்வு, காலிப் பணியிடம் எத்தனை என்ற கேள்வி. இடது பக்கம் மூன்று ஆண்டு சீக்கிரம் முடியும். வலது பக்கம் வாழ்நாள் முழுக்கக் கூடுதலாக வரும். வீட்டில் ஐந்து வருஷம் படிக்க வைக்க முடியுமா என்பதை சித்தப்பாதான் சொல்லணும். சின்னப் பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்குமா, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தப் பிடிக்குமா என்பதை அவள்தான் சொல்லணும்.

அவள் ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தாள். அப்புறம், "சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்குறதுக்கு ஏன்க்கா கம்மி?"ன்னு கேட்டா. படிப்புத் தகுதியை வைத்து லெவல் போட்டிருக்காங்கன்னு சொன்னேன். அது விதி. அவள் கேட்டது நியாயம் பற்றி. அதற்கு அரசாணை எண் எதையும் என்னால் காட்ட முடியலை.

முடிவு அவள் இன்னும் எடுக்கலை. ஆனா குரூப்பில் அந்த இரண்டு ஃபார்வர்டுக்கும் கீழே அவளே பதில் போட்டிருந்தா: "ரெண்டும் உண்மை. எந்த லெவல், எத்தனை வருஷ சர்வீஸ்னு கேளுங்க." அடுத்த தடவை உங்கள் குரூப்பில் சம்பளம் பற்றி ஒரு எண் வந்தால் நீங்களும் அதையே கேளுங்க. எந்தப் பணியிடம், எந்தத் தேதி, எந்த அரசாணை? இந்த மூன்றும் சொல்ல முடியாத எண்ணை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம்.